மேலிருந்து இறங்கும் பாடம், கீழிருந்து ஏறும் கணக்கு: தமிழ்நாட்டு வகுப்பறைகளில் மின்வழிக் கற்பித்தல் – ஒரு திறனாய்வு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கடந்த சில ஆண்டுகளில் பல மின்வழிக் கற்றல் தளங்களும் வகுப்பறைக் கருவிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. பாடநூலில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீடு, தீக்ஷா தளம், கல்வித் தொலைக்காட்சி, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், ஸ்மார்ட் கிளாஸ் என்று எல்லோரும் சொல்லும் திறன்மிகு வகுப்பறை, மணற்கேணி செயலி, எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடுகின்றன. ஒன்று, எத்தனை பள்ளிக்கு எத்தனை கருவி வழங்கப்பட்டது என்ற பட்டியல். மற்றொன்று, செல்போன் வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பல். இந்த இரண்டிலும் ஆசிரியரைக் காண முடிவதில்லை. அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கோவில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது. ஒரு கருவி வகுப்பறைக்குள் வந்தபின், மாணவருக்கு எது புரியவில்லை என்பது ஆசிரியருக்கு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்ததை வைத்து மறுநாள் பாடத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு நேரமும் உரிமையும் இருக்கின்றனவா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று பதில் சொல்லும் கருவி கற்பித்தலுக்கு உதவும். மற்றவை பள்ளிக்கூடத்தில் இருக்கும், கற்பித்தலில் இருக்கா.

வானொலிப் பெட்டி முதல் கைப்பேசி வரை

வகுப்பறைக்கு வெளியிலிருந்து பாடம் வருவது புதிதல்ல. அகில இந்திய வானொலி நெடுங்காலம் பள்ளி ஒலிபரப்பை நடத்தியது. 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் தொடங்கப்பட்டபின் தென்மாவட்டங்களுக்கு வானொலி இன்னும் நெருங்கி வந்தது. 1975–76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சி வழியே சென்றன. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை இந்தியா ஏவியது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அத்திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

மத்திய அரசின் தீக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில் தொடங்கப்பட்டது. 2018இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 6,000 உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. பின்னர் நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஆய்வகங்கள் விரிவாயின. தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 23,000 திறன்மிகு வகுப்பறைகளும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கைக்கணினிகளும் திட்டமிடப்பட்டன.

இவ்வரலாற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. வானொலி முதல் கைப்பேசி வரை ஒவ்வொன்றும் பாடத்தை மேலிருந்து கீழே கொண்டுவரும் வாகனமாகவே வந்தது. கீழே இருப்பவர் திருப்பிப் பேசுவதற்கு வானொலியில் வழியில்லை. அது அக்காலத் தொழில்நுட்பத்தின் எல்லை. கைப்பேசியில் அந்த எல்லை இல்லை. அப்படியிருந்தும் பாடம் இன்னும் ஒருவழியாகவே இறங்குகிறது என்பதுதான் ஆராய வேண்டிய செய்தி.

விரைவுக் குறியீடு: நல்ல எண்ணம், அரை வழிப் பயணம்

பாடநூலில் விரைவுக் குறியீட்டை அச்சிட்டது பாராட்டத்தக்க முயற்சி. கரும்பலகையில் எவ்வளவு திறமையாக வரைந்தாலும் இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை அசைவோடு காட்ட முடியாது. குருதிச் சுற்றோட்டப் பாடத்தைப் பல ஆண்டுகள் சுண்ணக்கட்டியால் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஒன்றரை நிமிட அசைவுப்படம் ஒன்று அந்த இடத்தில் ஒரு பாடவேளையின் உழைப்பை மிச்சப்படுத்தும். செல் பிரிதல், கோள்களின் இயக்கம், மின்னோட்டம் போன்ற, கண்ணால் நேரில் காண முடியாத பாடங்களுக்கு இது பொருந்தும்.

ஆனால் குறியீட்டைத் திறப்பது யார்? வகுப்பில் மாணவரிடம் கைப்பேசி இல்லை. பள்ளிக்குக் கொண்டுவரவும் கூடாது. ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி, சொந்த டேட்டா. ஐந்தங்குலத் திரையை நாற்பது பேருக்குக் காட்ட வேண்டும். எனவே பல வகுப்பறைகளில் குறியீட்டுக்கு ஆசிரியர் வீட்டில் பாடத் தயாரிப்புக்குப் பார்க்கும் துணைக்கருவி என்ற இடமே கிடைத்தது. அதுவும் பயனுள்ள இடம்தான். ஆனால் மாணவர் தானே திறந்து கற்பார் என்ற நோக்கத்துக்கு அது வெகு தொலைவு.

இரண்டாவது குறை அச்சு நூலுக்கும் இணையத்துக்கும் உள்ள வயது வேறுபாடு. அச்சிட்ட பக்கம் பத்தாண்டு நிற்கும். இணைய முகவரி பத்து மாதம்கூட நிற்காமல் போகலாம். 2020 இறுதியோடு அடோபி ஃப்ளாஷ் நிறுத்தப்பட்டபோது, அதில் உருவாக்கப்பட்ட கல்வி அசைவுப்படங்கள் உலகெங்கும் இயங்காமல் போயின. பாடநூலின் ‘இணையச் செயல்பாடுகள்’ பகுதியில் வெளித்தளங்களின் முகவரிகளும் தரப்பட்டுள்ளன. அவற்றில் எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்பதை முதலில் அறிபவர் ஆசிரியர். அதை அவர் சொன்னால் திருத்தம் வந்து சேரும் வழி எளிதாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்தப்படாத பாடநூலை நாம் ஏற்பதில்லை. இறந்த இணைப்பும் அச்சுப்பிழைக்குச் சமமே.

2020–21: கரிசல் வட்டாரம் கற்பித்த பாடம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் அமர வேண்டிய குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அந்த இடைவெளியில் கல்வித் தொலைக்காட்சி பாட அட்டவணை வெளியிட்டது. சில தனியார் அலைவரிசைகளும் நேரம் ஒதுக்கின. குறுகிய காலத்தில் அத்தனை பாடங்களைத் தயாரித்தவர்களும் பள்ளி ஆசிரியர்களே. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் வட்டங்களில் அப்பாடங்கள் எப்படிச் சென்றன என்பதை இங்குள்ள வாழ்க்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும். மானாவாரி விவசாயமும் தீப்பெட்டி ஆபீஸும்தான் இங்குப் பெரும்பாலான குடும்பங்களின் சோறு. தொடுதிரைக் கைப்பேசி இருக்கும் வீட்டிலும் அது ஒன்றுதான். காலையில் அப்பாவோடு அல்லது அம்மாவோடு அது வேலைக்குப் போய்விடும். இரவு வீட்டுக்கு வரும்போது இணைய வகுப்பு முடிந்திருக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு முதல் உரிமை, ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குக் கடைசி உரிமை. ரீசார்ஜ் முடிந்தால் அடுத்த வாரக் கூலி வரும்வரை பாடமும் இல்லை. தொலைக்காட்சி இருந்தது உண்மை. ஆனால் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த பிள்ளையிடம் ‘இப்போது என்ன சொன்னார்கள், சொல்லு’ என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இது இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரிய நிலைமை அல்ல. 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு, கணினி இருந்தவை 4.4 விழுக்காடு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏறத்தாழ 1,400 ஏழைக் குடும்பக் குழந்தைகளிடம் நடந்த கணக்கெடுப்பில், கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே ஒழுங்காக இணையவழி படித்தது தெரியவந்தது. 37 விழுக்காட்டினர் எதையும் படிக்கவில்லை. 2020இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆசிரியர்கள், இணைய வகுப்பில் குழந்தையின் கற்றலைப் பொருளுள்ள வகையில் மதிப்பிட முடியவில்லை என்றார்கள். என் அளவுகோலின் முதல் கேள்விக்கு ஆசிரியர்களே தந்த பதில் அது.

அக்காலத்தில் தமிழ்நாடெங்கும் பல ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். வேப்பமரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆணை ஏதும் வருமுன்பே அவர்கள் கிளம்பியதற்குக் காரணம் எளிது: பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பாடம் நடத்த அவர்களால் முடியவில்லை.

அரசும் இதை உணர்ந்தது என்பதற்கு 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ சான்று. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டதாக அவர்கள் கண்டனர். அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் மதிப்பிட்டனர். பத்தொன்பது மாதம் திரையால் தடுக்க முடியாத இழப்பைப் பள்ளியும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து ஆறு மாதத்தில் பெருமளவு மீட்டார்கள். மின்வழிக் கல்வி பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாத தமிழ்நாட்டுச் சான்று இது.

பிஞ்சையும் புன்செய்யும்

காணொலிப் பாடத்துக்கு மற்றொரு குறை உண்டு. அது எல்லா ஊருக்கும் பொதுவாகத் தயாரிக்கப்படுவது. பொதுத்தமிழும் பொது எடுத்துக்காட்டும் தவிர்க்க முடியாதவை. ஆனால் கற்றல் நடப்பது பொதுவான இடத்தில் அல்ல.

எங்கள் பகுதிப் பிள்ளை ‘பிஞ்சை’ என்று சொல்லும். பாடநூல் ‘புன்செய்’ என்று சொல்லும். இரண்டும் ஒன்றே என்பதைச் சொல்ல ஒரு வினாடி போதும். அந்த வினாடி காணொலியில் இல்லை. பிள்ளை தன் வீட்டுச் சொல்லுக்குப் பள்ளியில் இடமில்லை என்று எண்ணிக்கொள்ளும். இடைசெவல் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தது, இப்படிப்பட்ட சொற்களுக்கு எழுத்தில் இடம் தேடித்தான்.

மண்வகைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். காணொலியில் கரிசல் மண் சில நொடிகள் வந்து போகும். ‘ஈரப்பதத்தைத் தக்கவைக்கும், பருத்திக்கு ஏற்றது’ என்று குரல் சொல்லும். எங்கள் பள்ளிகளின் விளையாட்டுத் திடலே கரிசல். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஐப்பசி மழையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. உள்ளிருக்கும் களிமண் துகள்கள் நீரைக் குடித்து உப்புவதும் காய்ந்து சுருங்குவதுமே இரண்டுக்கும் காரணம். அம்மண்ணின் ஒரு கட்டியை டம்ளர் நீரில் போட்டுப் பார்த்தால் பாடம் முடிந்தது. ‘உங்க பிஞ்சையில ஏன் புரட்டாசியில விதைக்கிறாக?’ என்று கேட்டால், அடுத்த பாடமான வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். இதைக் காணொலியால் செய்ய முடியாது. செய்யச் சொல்லி நாம் அதைக் கேட்கவும் கூடாது. கேட்க வேண்டியது, பாட அட்டவணையும் காணொலி அட்டவணையும் ஆசிரியருக்கு இதற்கான நேரத்தை விட்டுவைக்கின்றனவா என்பதுதான்.

2023 ஜூலையில் வெளிவந்த செயலிக்கு ‘மணற்கேணி’ என்று பெயர் வைத்தார்கள். குறளிலிருந்து எடுத்த அழகான பெயர். பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்துக் காணொலி தருவதும் நல்ல முறை. ஆனால் மணற்கேணியின் நீர், தோண்டுபவர் கைக்குத்தான் ஊறும். தோண்டாமல் கிடைப்பது லாரித் தண்ணீர். கோவில்பட்டிப் பக்கம் லாரித் தண்ணீரின் அருமை தெரியாதவர் இல்லை. எனினும் அதை யாரும் கேணி என்று சொல்வதில்லை. காணொலியைப் பார்த்தபின் மாணவர் எதையாவது செய்கிறாரா, கேட்கிறாரா, தவறாகச் சொல்லித் திருத்திக்கொள்கிறாரா என்பதில்தான் அந்தப் பெயர் பொருத்தமாவது இருக்கிறது.

பதிவேற்றம் என்னும் இன்னொரு பாடவேளை

பாடம் மேலிருந்து இறங்கும் அதே கைப்பேசி வழியே, கணக்கு கீழிருந்து ஏறுகிறது. மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, சீருடை, காலணி, புத்தகம் வழங்கிய விவரம், உயரம், எடை, மதிப்பெண், பயிற்சி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று எமிஸ் தளத்தில் பதியப்படுபவை பல. இதனால் நன்மை இல்லாமல் இல்லை. ஒரு பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து நின்று வேறெங்கும் சேராமல் போனால் அதைக் கண்டுபிடிக்க எமிஸ் எண் உதவுகிறது. தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளைகள் போன வரலாறுள்ள எங்கள் பகுதியில் இது சிறிய உதவி அல்ல. மாற்றுச் சான்றிதழுக்கு அலைந்த பெற்றோரின் சிரமமும் குறைந்தது.

குறை எங்கே என்றால், பதிவேற்றும் நேரம் கற்பிக்கும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. காலை முதல் பாடவேளையில் தளம் நெருக்கடியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் சன்னல் பக்கம் சென்று சிக்னல் தேடுவார். வகுப்புத் தலைவன் ‘பேசுபவர் பெயர்’ எழுதத் தொடங்குவான். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பதிவேற்றத்தில் இருந்தால் ஐந்து வகுப்புகளும் மற்றொருவர் தலையில். தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் 2023இல் முன்வைத்த கோரிக்கைகளில், எமிஸ் பதிவேற்றப் பணியிலிருந்து ஆசிரியர்களை விடுவிப்பது முக்கியமான ஒன்று. ஊதியம், பதவி உயர்வு ஆகியவற்றோடு ஒரு செயலியும் போராட்டக் கோரிக்கையாகியது என்பதே நிலைமையைச் சொல்லும். பின்னர் நடுநிலைப் பள்ளி ஆய்வகங்களுக்கான பணியாளர்களிடம் இவ்வேலையின் ஒரு பகுதியை ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது. அது சரியான திசையில் ஓர் அடி.

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. ஏறிய கணக்கு திரும்பி இறங்குவதில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கு விரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்து அந்தந்த நிலையிலிருந்து கற்பிப்பது அதன் அடிப்படை. கல்வியியல் நோக்கில் மிகச் சரியான அடிப்படை அது. செயலி வழி மதிப்பீடும் அதற்கு உதவக்கூடியதே. ஆனால் மதிப்பீட்டின் பயன், ‘கடன்வாங்கிக் கழித்தலில் இந்த ஏழு பேர் இன்ன இடத்தில் தடுமாறுகிறார்கள்’ என்று அடுத்த நாளே ஆசிரியர் கைக்கு வருவதில் இருக்கிறது. ஒன்றிய அளவில், மாவட்ட அளவில் விழுக்காடாகத் தொகுக்கப்பட்டு ஆய்வுக் கூட்டத்தில் திரையில் காட்டப்பட்டால் அது கண்காணிப்பு ஆகும். கண்காணிப்புக்கென்று எண்ணைக் கேட்டால் நல்ல எண்தான் வரும். எல்லோரும் மலராகிவிடுவார்கள், கழித்தல் மட்டும் வராது.

ஆசிரியரின் பழைய மதிப்பெண் பதிவேடு அவர் மேசையில் இருந்தது. புரட்டினால் அவருக்கே முதலில் தெரிந்தது. இப்போது பதிவேடு மேலே இருக்கிறது. எழுதியவர் ஆசிரியர், வாசிப்பவர் வேறொருவர்.

எண்ணாக மாறிய ஆசிரியர்

மேலே போகும் தகவலின் பாதுகாப்பும் கற்பிப்பவரின் அக்கறைக்கு உரியது. 2022 மே மாதம் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, பல நாடுகளின் கல்விச் செயலிகள் குழந்தைகளின் விவரங்களைத் தேவைக்கு மேல் திரட்டுவதைச் சுட்டிக்காட்டியது. அதில் தீக்ஷாவும் இடம்பெற்றது. 2023 ஜனவரியில் வயர்டு இதழ், தீக்ஷா தொடர்பான சேமிப்பகம் ஒன்று பாதுகாப்பின்றித் திறந்து கிடந்ததாக எழுதியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. பயிற்சிக்குப் பதிவு செய்யாவிட்டால் விளக்கம் கேட்கும் அமைப்பு, பதிவு செய்தவரின் விவரம் கசிந்தால் அவருக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டது.

ஆசிரியர்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்களா?

இத்தகைய குறைகளைச் சொன்னால், ‘வயதான ஆசிரியர்களுக்குக் கணினி தெரியாது, அதனால் எதிர்க்கிறார்கள்’ என்ற பதில் வரும். ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இப்பதில் நடந்ததை விளக்காது. பாடசாலை, கல்விச்செய்தி போன்ற தளங்களைப் பாடக்குறிப்பு, வினாத்தாள், அரசாணை தேடித் தினமும் திறந்தவர்கள் ஆசிரியர்கள். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியவர்கள், யூடியூபில் சொந்தக் குரலில் பாடம் ஏற்றியவர்கள் அவர்களே. 2017இல் பள்ளிக்கல்வித் துறையின் ஒத்துழைப்போடு தமிழ் விக்கிப்பீடியாப் பயிற்சிகள் நடந்தபோது ஆசிரியர்கள் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றிலெல்லாம் ஆசிரியர் ஆக்குபவராக இருந்தார். எதை, எப்போது, யாருக்காக என்று அவரே தீர்மானித்தார். நிஷ்டா இணையவழிப் பயிற்சியில் அவர் பார்ப்பவராக மட்டும் இருந்தார். காணொலி ஓடி முடிந்தால் சான்றிதழ். பயிற்சியில் ஆசிரியரை எப்படி நடத்துகிறோமோ, அப்படித்தான் அவர் வகுப்பில் மாணவரை நடத்துவார். ஓடவிட்டு முடிக்கும் பயிற்சி, ஓடவிட்டு முடிக்கும் வகுப்பையே உருவாக்கும்.

தீக்ஷாவின் அடித்தளம் சன்பேர்டு என்னும் திறந்த மூல மென்பொருள். அதன் ஆங்கிலப் பெயரின் விரிவில் ‘அறிவுப் பகிர்வு’ என்ற பொருளும் இருக்கிறது. பகிர்வு என்றால் இருபுறமும் கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். வெடித்த கரிசலைப் பற்றி ஒரு கிராமப்பள்ளி ஆசிரியர் மூன்று நிமிடம் பேசியதும் அதே தளத்தில், அதே பாடத்தின் கீழ், எளிதாக இடம்பெறும் நாளில்தான் அப்பெயர் முழுமை பெறும்.

பிற இடங்களின் சான்று

கருவியை வழங்கினால் கற்றல் தானே வரும் என்ற நம்பிக்கை பிற நாடுகளிலும் சோதிக்கப்பட்டது. பெரு நாட்டில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின்கீழ், 300க்கும் மேற்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. 2023இல் யுனெஸ்கோவின் உலகளாவிய கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி இயங்குகிறது என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தது.

எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளை மாலை நேர மையங்களில் பயன்படுத்திய மாணவர்கள், நான்கரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டதாக முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோரின் 2019 ஆய்வு காட்டியது. அந்த மென்பொருள் எட்டாம் வகுப்பு மாணவருக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தைக் காட்டவில்லை. அவர் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறாரோ, அங்கிருந்து தொடங்கியது. தவறுகளைக் கண்டு அடுத்த கணக்கை மாற்றியது. உடன் சிறு குழுவாகக் கற்பிக்க ஆளும் இருந்தார். வெற்றியும் தோல்வியும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன: மாணவரின் தடுமாற்றம் கற்பிப்பவரிடம் திரும்பி வந்த இடத்தில் பயன் விளைந்தது.

எப்படி மதிப்பிடுவது?

கல்வியியல் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் புதிய செயலி ஒன்றைச் சந்திக்கும்போது பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, இது யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது? அலுவலகத்தின் நேரத்தையா, ஆசிரியரின் நேரத்தையா?

இரண்டாவது, இதில் பதியப்படும் விவரம் பதிந்தவருக்குப் பயன்படும் வடிவில், பயன்படும் காலத்துக்குள் திரும்பி வருகிறதா?

மூன்றாவது, இடையில் நிறுத்தவும், மாற்றவும், தன் ஊரின் எடுத்துக்காட்டைச் சேர்க்கவும், வேண்டாமென்று விட்டுவிடவும் ஆசிரியருக்கு உரிமை உண்டா?

நான்காவது, மின்சாரமும் சிக்னலும் இல்லாத நாளில் வகுப்பு நடக்குமா?

ஐந்தாவது, வீட்டில் கைப்பேசி இல்லாத பிள்ளை இதனால் முன்பைவிடப் பின்தங்குகிறதா?

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால், இதயத்தின் வால்வைக் காட்டும் ஒன்றரை நிமிட அசைவுப்படம் எளிதில் தேறும். திறன்மிகு வகுப்பறையின் பெரிய திரையும், ஆசிரியர் அதை நிறுத்தி நிறுத்திப் பயன்படுத்தினால் தேறும். பதிவேற்றத்தின் பெரும்பகுதி இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

முடிவுரை

தமிழ்நாடு வகுப்பறைகளுக்குக் கருவிகளைக் கொண்டுசேர்ப்பதில் வெகுதூரம் வந்துவிட்டது. அது மறுக்க முடியாத சாதனை. இனித் தேவைப்படுவது வழியைத் திருப்புவது. மேலே ஏறிய கணக்கு, கற்பித்தவர் கைக்குக் கற்றல் விவரமாக இறங்க வேண்டும். கீழே விளைந்த பாடம் பொதுத்தளத்துக்கு ஏற வேண்டும். பதிவேற்றத்துக்குத் தனிப் பணியாளர், இறந்த இணைப்புகளைத் திருத்த ஆண்டுக்கொரு முறை ஆய்வு, ஆசிரியர் ஆக்கங்களுக்கு அதிகாரப்பூர்வத் தளத்தில் இடம், கசிவு நேர்ந்தால் உரியவருக்கு உடனடித் தகவல் ஆகிய நான்கும் புதிய செயலி எதையும் கேட்காத தீர்வுகள்.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எந்தப் பாடத்தில், எந்தக் கருவி, எந்த இடத்தில் உதவியது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். ‘செயலி சரியில்லை’ என்ற பொதுப் புகார் கூட்டத்தோடு கலைந்துவிடும். ‘எட்டாம் வகுப்பு, இரண்டாம் பருவம், இன்ன பாடம், இருபத்தொன்பது பேரில் பதினொருவருக்கு இந்த இடம் புரியவில்லை’ என்ற குறிப்பு நிற்கும். அடுத்த பாடநூலை எழுதுபவருக்கும் பயன்படும். அப்படிப்பட்ட குறிப்புகள் கரிசல் காட்டுப் பள்ளிகளிலிருந்து இன்னும் மிகக் குறைவாகவே எழுதப்படுகின்றன.